இரண்டாவது இலை

செத்துப் போனாரா, இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவருக்கு அமாவாசை இலை போடலாமா, கூடாதா?

எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒரு கேள்வியா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதை என்னிடம் கேட்டது எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் மாமியாரும் மருமகளும். மாமியார் 'போட்டே ஆகணும்' என்றார். மருமகள் 'போடவே கூடாது' என்றாள். போன வாரம் மகாளய அமாவாசையன்று மத்தியானம், எங்கள் மொட்டை மாடியில் அதற்கு ஒரு முடிவு தெரிந்தது. அதிலிருந்து எனக்கு வேறு எதைப் பற்றியும் எழுத ஓடவில்லை.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் அமாவாசை என்பது காலண்டரில் கறுப்பு வட்டம் போட்ட வெறும் நாள் இல்லை. அன்றைக்கு ஊரே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். பனியன் கம்பெனிகளில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை கொடுப்பார்கள். சாயங்காலம் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ஒரு பூசணிக்காயைச் சுற்றி நடுரோட்டில் உடைப்பார்கள். பிறகு டூவீலர்காரர்கள் எல்லாம் அதில் சறுக்காமல் வளைந்து வளைந்து வீடு போய்ச் சேர வேண்டும் — கம்பெனிக்குக் கண் திருஷ்டி போனால் போதும், நமக்கு எலும்பு போனால் என்ன? பிரியாணிக் கடை மாஸ்டர் செல்போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புது மெஷின் இறக்குவதா, புதுக் கடை திறப்பதா… 'அமாவாசை வரட்டும்' என்பார்கள்.

நான் லேபிளும் பட்டனும் விற்கிற கடை வைத்திருக்கிறேன் என்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். அங்கே வழக்கமாக வரும் ஒடிசாக்காரர் ஒருவருக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

"அக்கா, எங்க ஊர்ல அமாவாசை அன்னிக்கு நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டாங்க. இங்க கடையே திறக்கிறீங்க?"

"எங்க அப்பன் தாத்தனெல்லாம் அன்னைக்கு ஊட்டுக்கு வர்றாங்கப்பா. பெரியவங்க வந்திருக்கிற நாளு எப்படிக் கெட்ட நாளாகும்?" என்றேன்.

பட்டனை எண்ணி வாங்கிக்கொண்டே கேட்டார். "அப்ப லீவு விடலாமே அக்கா?"

பாக்கிச் சில்லறையை அவர் கையில் வைத்து அனுப்பினேன். லீவு என்ற வார்த்தையைத் திருப்பூரில் சத்தமாகச் சொல்லக் கூடாது.

ஆக, அமாவாசை என்பது இறந்தவர்கள் வருகிற நாள். குளித்து, சமைத்து, உப்புக்கூட ருசி பார்க்காமல் இலையில் வைத்து, மொட்டை மாடியில் நின்று கூப்பிட வேண்டும். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் நமக்குச் சோறு. எனக்கு இதில் நம்பிக்கை பாதி, பசி முழுசு. ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், காக்கை தொடாமல் நான் கை நனைத்ததில்லை. வரும் வரைக்கும் 'எங்க மாமனாருக்கு இன்னும் கோபம் தீரலையா?' என்று வீட்டுக்காரரைச் சீண்டிக்கொண்டு நிற்பேன்.

நான் சீண்டலாம். எனக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும். மாமனார் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாடியில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

முத்துமாரியும் அவளுடைய மாமியார் சண்முகத்தாயம்மாளும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். முத்துமாரி ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். சண்முகத்தாயம்மாள் அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். தைத்து வந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கட்டரால் நறுக்கி எடுக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். இரண்டு பேரும் மத்தியானச் சோற்றை ஒரே தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். அம்மாவும் பெண்ணும் என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முத்துமாரியின் கணவர் பேச்சிமுத்து. கட்டிங் மாஸ்டர். குழந்தைகள் இல்லை. குடியில்லை, கடனில்லை, வாய்ச்சண்டைகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "சலூனுக்குப் போயிட்டு வாரேன். வெந்நி போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனார்.

அவ்வளவுதான்.

முடி வெட்டிவிட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வர மாட்டார். அதனால் முத்துமாரி வெந்நீரைப் பாத்ரூமில் எடுத்து வைத்தாள். அது ஆறிப்போனது. மறுபடி சூடு பண்ணி வைத்தாள். மறுபடி ஆறிப்போனது. சலூன்காரர், 'மாஸ்டர் வந்தாரு, வெட்டிக்கிட்டாரு, போனாரு' என்றார். போன் ஸ்விட்ச் ஆஃப். அது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

தேடாத இடமில்லை. போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பழனி, திருச்செந்தூர், கேரளா பக்கம் ஒரு மனநலக் காப்பகம்… யாரோ பார்த்ததாகச் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடினார்கள். அடையாளம் தெரியாத உடல் எதுவும் கிடைத்தால் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். முத்துமாரி தனியாகப் போவாள். மாமியாரைக் கூட்டிப் போக மாட்டாள். திரும்பி வந்து, "அவுக இல்ல அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள். "அவுக இல்லன்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோசமா இருக்குக்கா. அன்னைக்கு டீயில சீனி கூடப் போடுவேன். யாரோ ஒருத்தி வீட்டுல இழவு விழுந்திருக்கு. எனக்குச் சந்தோசம் வருது. நான் என்ன மனுசிக்கா?"

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது.

கல்யாண வீடுகளுக்கு நாங்கள் ஒன்றாகப் போவோம். வாசலில் நிற்கும் பெண் சந்தனமும் குங்குமமும் நீட்டுவாள். எல்லோர் முன்னாலும் வந்த தட்டு, முத்துமாரி முன்னால் மட்டும் ஒரு கணம் தயங்கும். அவள் கழுத்தில் தாலி இருக்கும், நெற்றியில் பொட்டு இருக்கும். ஆனாலும் தயங்கும். அவள் தானே கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்து அழுத்தி வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அமாவாசையன்று அவர்கள் வீட்டில் ஒரே ஒரு இலைதான். சண்முகத்தாயம்மாளின் கணவருக்கு. அதாவது, பேச்சிமுத்துவின் அப்பாவுக்கு. முன்பெல்லாம் பேச்சிமுத்துதான் மாடியில் நின்று கூப்பிடுவார். அவர் போன பிறகு அந்தம்மாவே கூப்பிடுகிறார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சித்திரையில் அந்தம்மாவுக்கு ஒரு கனவு வந்தது.

"வாசப்படியில நிக்கான் தாயி" என்று என்னிடம் சொன்னார். "தலை முடியெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கு. குளிக்கல போல, உள்ள வராம நிக்கான். 'எம்மா, பசிக்கு'ங்கான். ஒரே ஒரு வார்த்தை. நான் எந்திரிச்சுச் சோத்தைப் போடுததுக்குள்ள முழிச்சுட்டேன்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. என் பிள்ளை செத்துத்தான் போயிருக்கிறான். அவனுக்கு இலை போட ஆளில்லாமல் பட்டினியாக அலைகிறான். அடுத்த அமாவாசைக்கு அவனுக்கும் ஒரு இலை போட வேண்டும் என்று அந்தம்மா. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இலை போட்டால் அவருடைய ஆயுசு குறையும். என் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று முத்துமாரி. சத்தம் போட்டுச் சண்டை இல்லை. அப்படிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரே தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு போகிற இரண்டு பேர், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வேனில் ஏறினார்கள்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றார்கள். "அக்கா, நீங்க எழுதுதவுக. உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்க."

எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இந்த உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் எங்கள் வீட்டு மாடியிலேயே!

"செத்திருந்தான்னா பசியோட அலைவானே தாயி" என்றார் மாமியார். "அவனுக்குப் பிள்ளையா குட்டியா? நாங்க போடலைன்னா யாரு போடுவா?"

"உசிரோட இருந்தாகன்னா?" என்றாள் மருமகள். "எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கவுகளுக்கு, நாமளே எள்ளும் தண்ணியும் எறைக்கதா?"

யோசித்துப் பாருங்கள். இதில் யாருடைய கட்சி தப்பு? ஒருத்திக்கு அவன் பட்டினி கிடக்கக் கூடாது. இன்னொருத்திக்கு அவன் சாகக் கூடாது. ஒரே ஆள்மீது வைத்த பாசம், ஒரே அறைக்குள் இரண்டாகப் பிரிந்து எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது.

விசாரித்துச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

ஆடி அமாவாசைக்கு வீட்டுக்காரர் அவருடைய சொந்த ஊரான கொமரலிங்கம் போய் அமராவதி ஆற்றில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பார். நானும் கூடப் போனேன். கரையில் ஒரே கூட்டம். ஈர வேட்டி, எள்ளு, வாழையிலை, தர்ப்பை, பார்க்கிங் தகராறு. எங்களுக்குச் செய்துவைத்த வாத்தியார் இளவயசுக்காரர். காரியம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க சாமி, காணாமப் போனவங்களுக்கு என்னங்க செய்யறது?"

"பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும்மா. அப்பவும் வரலைன்னா தர்ப்பையில ஒரு உருவம் செஞ்சு, அதைத் தகனம் பண்ணிட்டு, காரியமெல்லாம் முறையா செய்யலாம்."

"அதுவரைக்குமுங்க?"

"காத்திருக்கணும்."

"செத்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையில செய்யலாம்னு சொல்றாங்களே சாமி?"

"ஆமாம். எந்தத் திதியில போனாங்கன்னு தெரியாதவங்க எல்லாருக்கும் அமாவாசை பொது. ஆனா அம்மா…" — அவர் எள்ளு ஒட்டிய கையை ஆற்றில் கழுவினார் — "நாள் தெரியாதது வேற. போனதே தெரியாதது வேற. ரெண்டாவதுக்கு என்கிட்ட மந்திரம் இல்ல."

பதில் கேட்கப் போய் ஒரு பெருமூச்சை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் வழக்கமாக வாயைத் திறக்காத ஆள். உடுமலை தாண்டியதும் சொன்னார்.

"சாமிகிட்டக் கேட்டா அவருக்கு எப்படித் தெரியும்? அது அந்தப் புள்ளைக மனசுல இருக்கறது. அவங்களே பாத்துக்குவாங்க, நீ சும்மா இரு."

சும்மா இருக்க எனக்கு எங்கே தெரியும்? வந்ததும் வராததுமாக மாடிக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷக் கணக்கைச் சொன்னேன். முத்துமாரியின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. சண்முகத்தாயம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பன்னெண்டு வருசம் வரைக்கும் நான் இருப்பேனா தாயி?"

முத்துமாரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதுகிற நானும், காலியான டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

அந்தம்மா அதற்குப் பிறகு இலையைப் பற்றிப் பேசவே இல்லை. பதிலுக்கு, ஆவணி அமாவாசையன்று சாப்பிடவே மறுத்துவிட்டார். வழக்கமாக ஒருபொழுது இருந்து, கணவருக்கு இலை போட்ட பிறகு சாப்பிடுகிறவர், அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை. கேட்டதற்கு, 'பிள்ளை பட்டினி கிடக்கையில எனக்கு எறங்க மாட்டேங்கு' என்றாராம். அவருக்குச் சுகர் வேறு. அன்று கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர் பனியன் குவியல்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். சூப்பர்வைசர் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் முத்துமாரி என் கடைக்கு வந்தாள். கவுன்ட்டரில் கிடந்த பட்டன்களைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"போட்டுருதேன்க்கா."

"எதைக் கண்ணு?"

"இலைய. வர்ற அமாவாசைக்கு அவுகளுக்கும் ஒரு இலை போட்டுருதேன். இல்லாத மனுசனைக் காப்பாத்துதேன்னு, இருக்க மனுசியப் பட்டினி போட்டுச் சாகடிக்கப் பாத்தேனேக்கா."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் பட்டன்களை மறுபடி டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

மகாளய அமாவாசை வந்தது. முத்துமாரி அரைநாள் லீவு போட்டிருந்தாள். மாமியார் முழுநாள். காலையிலேயே மாடியிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம். அதோடு, உளுந்தஞ்சோறு. அரிசியையும் கறுப்பு உளுந்தையும் சேர்த்துத் தேங்காய், பூண்டு போட்டுப் பொங்குகிற சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பேச்சிமுத்து வேகவேகமாகச் சாப்பிடும் ஒரே சாப்பாடு அது என்று முத்துமாரி சொல்லியிருக்கிறாள். மற்ற நாளில், மற்றவர்களுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவாராம். உளுந்தஞ்சோறு என்றால் தலை நிமிராதாம்.

இறந்தவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைப்போம்? அவள் முறைப்படிதான் செய்தாள்.

என்னையும் கூப்பிட்டாள். "தனியா முடியாதுக்கா, சும்மா வந்து நில்லுங்க" என்றாள். நான் எங்கள் மாமனார் இலையைச் சீக்கிரமாகவே முடித்துவிட்டு மாடியேறினேன்.

கைப்பிடிச் சுவரை ஒட்டித் தண்ணீர் தெளித்து இரண்டு இலைகள் போட்டிருந்தாள். பெரிய இலை மாமனாருக்கு. பக்கத்தில் இன்னொன்று. அதில் உளுந்தஞ்சோறு ஆவி பறந்தது. ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாத் திசையிலும் 'கா… கா…' என்று ஒரே கூப்பாடு. எப்போதும் எனக்கு அது சிரிப்பாக இருக்கும். இத்தனை பெரிய எக்ஸ்போர்ட் நகரம் ஒரு பறவையிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறதே என்று. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சண்முகத்தாயம்மாள் கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "கா… கா… வாங்க… வந்து சாப்பிடுங்க…"

தண்ணீர் டேங்கின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அங்கிருந்தே இரண்டு இலைகளையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கைப்பிடிச் சுவருக்கு இறங்கி, பெரிய இலையிலிருந்து ஒரு வடைத் துண்டைக் கொத்தியது. அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காக்கை வடையை விழுங்கிவிட்டு, தத்தித் தத்தி இரண்டாவது இலையின் பக்கம் திரும்பியது.

என் பக்கத்தில் நின்றிருந்த முத்துமாரி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

காக்கை உளுந்தஞ்சோற்றின் மேல் குனிந்தது.

"சூ! போ! போ அங்கிட்டு!"

முந்தானையை உருவி வீசிக்கொண்டு ஓடினாள் முத்துமாரி. காக்கை அலறியடித்துப் பறந்தது. அவள் நிற்கவில்லை. பக்கத்து மாடிவரை போய் உட்கார்ந்த காக்கையையும் பார்த்து முந்தானையை வீசிக்கொண்டே இருந்தாள். "அவுகளுக்கு இல்ல! அது அவுகளுக்கு இல்ல!"

பக்கத்து மாடிக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அமாவாசையன்று காக்கையை விரட்டுகிற பெண்ணை யார் பார்த்திருப்பார்கள்?

அவ்வளவுதான், இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நான் நினைத்தேன். சண்முகத்தாயம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் இருக்கான்னு உனக்கு அவ்வளவு உறுதியா தெரியுமாட்டி?"

முத்துமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தெரியாது அத்தை. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா அது வாய வைக்கப் போகையில பாத்துக்கிட்டு நிக்க முடியல."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்" என்றார். "நான் கூப்பிட்டது உங்க மாமாவ மட்டும்தான் தாயி. இவ்வளவு நாளாப் போடணும், போடணும்னு நின்னேன். இங்க வந்து நின்னா, எம்பிள்ள பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரல."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். இத்தனை வருஷம் அழாததை எல்லாம் அந்தச் சுடுகிற மாடியில் உட்கார்ந்து அழுதார்கள். நானும்தான் அழுதேன். எழுதுகிற ஆள் நடுவில் நின்று கவனித்துக் குறிப்பெடுத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். என் கண் கண்ணாடியே எங்கே போனது என்று சாயங்காலம்தான் தேடினேன்.

முதலில் எழுந்தது அந்தம்மாதான். அழிந்துபோன திருநீற்றைத் துடைத்துக்கொண்டு, "அந்த இலைய எடுத்துட்டு உள்ள வா. மூடி வை. வந்தா திம்பான்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "உசிரோட இருக்கான்னா, எங்கனயாவது யாராவது அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டிருப்பாகல்ல தாயி?"

"போட்டிருப்பாங்க அம்மா. கண்டிப்பா போட்டிருப்பாங்க" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தம்மா அன்றைக்குச் சாப்பிட்டார். முத்துமாரி பரிமாறினாள். இரண்டு வாய்தான் இறங்கியது. அப்புறம் மூன்றாவது வாயும் எடுத்தார்.

நம் பெரியவர்கள் சாவுக்கு எல்லாம் ஏற்பாடு செய்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். எடுக்கிற நாள், கருமாதி, திதி, அமாவாசை, தை, ஆடி, மகாளயம். துக்கப்படுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். நாள் தெரியாமல் செத்தவர்களுக்குக்கூட அமாவாசை என்று ஒரு பொது வாசல் திறந்திருக்கிறது. காத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கிடையாது, ஒரு மந்திரம் கிடையாது, ஒரு பிடி எள்ளு கிடையாது. தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு காலையில் வேன் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் தனியாகப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மறுநாள் முத்துமாரியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று.

"எழுதுங்கக்கா" என்றாள் உடனே.

"பேரை மாத்திடறேன் கண்ணு. ஊரு, கம்பெனி எதுவும் தெரியாதபடிக்கு…"

"பேரை மாத்தாதீங்கக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக பேப்பர், புத்தகம் எதைப் பாத்தாலும் விடமாட்டாக. பஜ்ஜி மடிச்சு வர்ற தாளைக்கூட விரிச்சுப் படிப்பாக. பேரை மாத்திட்டா, அது நம்மதான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

அதனால் இந்த வாரம் பெயர் எதையும் மாற்றவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்த வாசகர்களே, நீங்கள் இத்தோடு பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மிச்சம் இருக்கிற ஒரு வரி உங்களுக்கு இல்லை.

பேச்சிமுத்து தம்பி… உங்களுக்கு இன்னும் யாரும் இலை போடலைங்க. ஊட்டுக்கு வந்துருங்க.